அந்த முப்பத்தைந்து நிமிடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் அண்ணன் ஃபோன் செய்து, "வெளிநாட்டு வேலை அனுபவம் பத்தி இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். சம்பளம், விசா, அங்கே சாம்பார் பொடி எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் இன்றைக்கு உங்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் நான் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். தாய்லாந்து மன்னர் பூமிபோல் அதுல்யதேஜ் காலமான நாள். 2016 அக்டோபர் 13, வியாழக்கிழமை.

'எந்த ஊர் ராஜாவோ செத்தா நமக்கென்னடா?' என்று என் பக்கத்து ரூம்காரன் இப்போதே முணுமுணுக்கிறான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது ராஜாவைப் பற்றிய பேச்சு இல்லை. அன்றைக்கு ராஜாவுக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில் இருந்த சாதாரண ஜனங்களைப் பற்றிய பேச்சு. அவர்களில் நானும் ஒருவன்.

அப்போது எனக்கு வயது 28. பாங்காக்கை ஒட்டித் தெற்கே இருக்கும் சமுத் பிராகான் என்ற தொழிற்பேட்டை மாகாணத்தில், ஒரு தொழிற்சாலைக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டும் வேலை. நான் சைட் எஞ்சினீயர். எனக்குக் கீழே ஒரு வயதான மேஸ்திரி. எல்லாரும் அவரை 'லுங்' என்று கூப்பிடுவார்கள். அந்த ஊர் மொழியில் பெரியப்பா என்று அர்த்தம். அவருக்குக் கீழே தாய்லாந்துக்காரர்களும் பர்மாக்காரர்களுமாக முப்பது பேர்.

அங்கே எந்தக் கடைக்குப் போனாலும் மன்னர் படம் மாட்டியிருக்கும். நம் ஊர் கடைகளில் சாமி படம் மாதிரி. ஆனால் சிம்மாசனத்தில் உட்கார்ந்த படத்தைவிட, கழுத்தில் காமிரா, கையில் வரைபடம், பென்சிலோடு ஏதோ வயல்வரப்பில் நிற்கிற படம்தான் அதிகம் கண்ணில் படும். 1946-ல் பட்டத்துக்கு வந்து எழுபது வருஷம் இருந்தவர். எஞ்சினீயர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். குளத்துத் தண்ணீரைச் சலித்துக் காற்றேற்றும் ஓர் இயந்திரத்துக்கு 1993 பிப்ரவரி 2 அன்று அவர் பெயரில் பேடன்ட் கொடுத்தார்கள். அந்தத் தேதியைத்தான் அங்கே கண்டுபிடிப்பாளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். வெள்ளக் காலத்தில் தண்ணீரைத் தாழ்வான குளங்களில் தேக்கிவைத்து, கடல் வற்றும் நேரத்தில் திறந்துவிடுகிற திட்டம் ஒன்றும் உண்டு. அதற்கு அவர் வைத்த பேர் 'குரங்குக் கன்னம்'. குரங்கு வாழைப்பழத்தைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துப் பிறகு மெல்லுமே, அதைப் பார்த்து வந்த யோசனையாம். லுங்குக்கு இந்தக் கதையெல்லாம் மனப்பாடம். "எங்க ராஜாவும் நம்ம லைன்தான்" என்பார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே அரச குடும்பத்தை அவமதித்தால் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. ஆகவே யாருக்கு எவ்வளவு அன்பு, எவ்வளவு பயம் என்று வெளியாள் அளந்து சொல்ல முடியாது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

அக்டோபர் 9-ஆம் தேதியே அரண்மனையிலிருந்து 'மன்னர் உடல்நிலை சீராக இல்லை' என்று அறிக்கை வந்துவிட்டது. அவர் இருந்த சிரிராஜ் மருத்துவமனை வாசலில் ஜனங்கள் ரோஸ் நிறச் சட்டையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ரோஸ் நிறம் அவர் ஆரோக்கியத்துக்கு நல்லது என்று நம்பிக்கை. மஞ்சளும் போட்டிருந்தார்கள். அவர் பிறந்தது திங்கட்கிழமை. அந்தக் கிழமைக்கு அங்கே மஞ்சள்தான் நிறம்.

சரி, 13-ஆம் தேதிக்கு வருவோம். அன்று மதியம் 2 மணிக்கு ராஃப்ட் கான்கிரீட் ஆரம்பித்தோம். 120 கன மீட்டர். லாரிக்கு 6 கன மீட்டர் வீதம் 20 லாரி. சிவில்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்ற டிபார்ட்மெண்ட் மேதைகளுக்காகச் சொல்கிறேன். தண்ணீர்த் தொட்டியின் அடித்தளத்தை ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தி, போட்டது இறுகின பிறகு பக்கத்தில் புதிதாகக் கொட்டினால் இரண்டும் ஒட்டாது. 'கோல்டு ஜாயிண்ட்' என்பார்கள். பின்னாளில் அந்த இடத்தில் தண்ணீர் கசியும். கசிந்தால் எஞ்சினீயர் கதை கந்தல்.

மாலை 7 மணி வாக்கில் வைப்ரேட்டர் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் சைட்டில் ஆளே இல்லை. எல்லாரும் கேன்டீன் கொட்டகையில், டி.வி. முன்னால் தரையில் மண்டியிட்டிருந்தார்கள். பிற்பகல் 3.52-க்கே மன்னர் காலமாகிவிட்டார் என்ற அறிவிப்பு அப்போதுதான் வருகிறது. அவருக்கு வயது 88. கேட்டில் இரண்டு லாரி டிரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. டிரைவர்கள் இரண்டு பேரும் இறங்கிப் போய் அதே கூட்டத்தில் மண்டியிட்டிருக்கிறார்கள்.

என் ஞாபகத்தில் இருப்பது இதுதான். நான் கொட்டகை வாசலில் நின்று இரண்டு கையையும் பலமாகத் தட்டி, "லுங்! கான்கிரீட்! கான்கிரீட்!" என்று கத்தினேன். முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. லுங் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எல்லாரும் பின்னால் வந்தார்கள். பாக்கி லாரிகளை ஒரு வார்த்தை பேசாமல் இறக்கி முடித்தார்கள்.

அந்தக் கைதட்டல் சத்தம் ரொம்ப நாள் என் காதில் இருந்தது. எழவு வீட்டு வாசலில் நின்று கை தட்டின மாதிரி.

அன்று இரவு அம்மா ஊரிலிருந்து ஃபோன். "வெளியே போகாதே, கல்லெறிவாங்க, பஸ் ஓடாது, அரிசி பருப்பு வாங்கி வச்சுக்கோ." 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் அன்றைக்கு அப்பா பஸ் இல்லாமல் நடந்தே வீடு வந்து சேர்ந்த கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். தலைவர் போனால் ஊர் பற்றி எரியும் என்பதுதான் எங்கள் வீட்டு அறிவு. இங்கே கடை திறந்திருந்தது, ரயில் ஓடியது. சத்தம்தான் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை அரசு விடுமுறை. க்யூரிங்குக்காக நான் சைட்டுக்குப் போக வேண்டியிருந்தது. துவைத்த சட்டை இருந்தது ஒன்றுதான், சிவப்புக் கட்டம் போட்டது. கேன்டீன் நடத்துகிற அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கறுப்பு ரிப்பன் துண்டைக் கொண்டுவந்து என் தோளில் பின் குத்திவிட்டு, வழக்கம்போல "காப்பியா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

அந்த வாரத்தில் கறுப்புத் துணிக்குத் தட்டுப்பாடு. விலை ஏற்றக்கூடாது என்று அரசாங்கமே வியாபாரிகளை எச்சரித்தது. இருக்கிற சட்டையைச் சாயத்தில் முக்கிக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். கறுப்பு போடாதவர்களைச் சிலர் நடுரோட்டில் திட்டினதும் உண்டு. வசதி இல்லாதவர்களும் இருப்பார்கள், அப்படிச் செய்யாதீர்கள் என்று அரசாங்கம் சொல்ல வேண்டியிருந்தது. துக்கத்திலும் மனுஷ சுபாவம் எல்லாம் வெளியே வரத்தான் செய்கிறது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரோடு டீ குடித்தாலும், "அன்னிக்கு நீங்க எங்கே இருந்தீங்க?" என்று கேட்பேன். யாருமே யோசித்தது கிடையாது, பதில் உடனே வரும்.

கேன்டீன் அக்கா சொன்னார்: "பப்பாளிக்காய் சீவிக்கிட்டிருந்தேன். பாதியிலே வச்சுட்டுப் போனேன். மறுநாள் காலையிலே வந்து பார்த்தா அந்தப் பாதிக்காய் பூரா எறும்பு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகையே வந்துச்சு." நூடுல்ஸ் வேகவைக்கும் அவருடைய பெரிய பானைதான் அந்த வாரம் எங்கள் சைட்டுக்குச் சாயப் பானை.

எங்கள் அக்கவுண்ட்ஸ் பெண் ஸ்கை டிரெயினில் இருந்தாராம். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கையை விடுவிக்க மனசில்லாமல் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டி இரண்டு ஸ்டேஷன் போய்விட்டார். பாட்டியின் முகம் மறந்துவிட்டது, கையின் சூடு ஞாபகம் இருக்கிறது என்றார்.

மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுகிற ஒருவர் வேறு மாதிரி சொன்னார். அன்று சாயங்காலம் அழுதுகொண்டே வந்த ஒரு பெண்ணை வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அவர் நீட்டிய இருபது பாட்டைப் பழக்கத்தில் கை நீட்டி வாங்கிவிட்டார். அந்த இருபது பாட் அவரைத் தூங்கவிடவில்லை. அரண்மனைக்கு எதிரே சனம் லுவாங் மைதானம் இருக்கிறது. அஞ்சலி செலுத்த வந்த ஜனங்களை அங்கே இலவசமாக ஏற்றி இறக்கிய டாக்சிக்காரர்களில் அவரும் ஒருவர். பல வாரம் ஓட்டினாராம். ஓராண்டில் அங்கே அஞ்சலி செலுத்தியவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல். அந்த எண்ணிக்கைக்குள்ளே இந்த இருபது பாட்டும் இருக்கிறது, இல்லையா?

பாங்காக் சீலோம் பகுதியில் நவரத்தினக் கல் வியாபாரம் செய்யும் நம் ஊர் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். செய்தி கேட்டதும் கடை ஷட்டரை இழுத்துவிட்டு, மகனை அனுப்பி எட்டு பாக்கெட் ரொட்டி வாங்கினாராம். என் அம்மா கட்சிதான் அவரும்! "ஒண்ணும் நடக்கலே தம்பி. ஒரு வாரம் வீட்டிலே ரொட்டி உப்புமாதான்" என்று சிரித்தார்.

பர்மாக்காரத் தொழிலாளி ஒருவர், "எனக்கு ராஜா இல்லே. சம்பளம் நின்னுடுமோன்னுதான் பயந்தேன்" என்றார். அன்று ராத்திரி லுங் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து அவருக்குப் பாதி கொடுத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார்.

கடைசியாக ஒரு பையன், டிராயிங் போடுகிறவன், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "எனக்கு அழுகை வரலே சார். நான் அழலைங்கறதை யாராவது பார்த்துடுவாங்களோன்னு இருந்தேன். அதுதான் ஞாபகம்." இதுவும் அந்த நாளின் ஞாபகம்தான். இதை எந்த டி.வி.யும் காட்டியிருக்காது.

கவனித்தீர்களா? யாருமே ராஜாவை நினைவு வைத்துக்கொண்டு ஆரம்பிக்கவில்லை. பப்பாளிக்காய், பாட்டி கை, இருபது பாட், ரொட்டி பாக்கெட், பாதிப் பொட்டலம். பெரிய செய்தி வந்து விழும்போது நம் கையில் என்ன இருந்ததோ அதுதான் மனசில் ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு 1977-ல் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 'ஃப்ளாஷ்பல்ப் மெமரி' என்று பேர் வைத்தார்கள். ஃபோட்டோ ஃப்ளாஷ் அடித்த மாதிரி பதிந்துவிடுகிறதாம். ஆனால் ஃபோட்டோ சரியா தப்பா என்பது வேறு விஷயம். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையிலேயே எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்ற பேராசிரியர், 'நேற்று எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள்?' என்று மாணவர்களிடம் எழுதி வாங்கிவைத்தார். சுமார் இரண்டரை வருஷம் கழித்து 44 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். கால்வாசிப் பேர் அத்தனை முக்கிய விவரத்தையும் தப்பாகச் சொன்னார்கள். அதுவும் அடித்துச் சொன்னார்கள். சொந்தக் கையெழுத்தைக் காட்டியபோதும் சிலருக்கு நம்ப மனசில்லை.

நான் இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். 'நான் எஞ்சினீயர், எனக்கு அப்படி ஆகாது.'

2017 அக்டோபர் 26-ல் மன்னரின் தகனம் நடந்தது. ஊரெங்கும் வளர்த்த செண்டுமல்லி மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. 2018-ல் வேலை முடிந்து நான் ஊர் திரும்ப வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் லுங்கோடு உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில், "அன்னிக்கு நான் கை தட்டினதுக்கு மன்னிச்சுடுங்க" என்றேன்.

லுங் புரியாமல் பார்த்தார். "யார் கை தட்டினது? நீ வந்து வாசல்லே நின்னே. ஹெல்மெட்டைக் கழட்டிக் கையிலே வச்சுக்கிட்டே. பேசாம நின்னுக்கிட்டிருந்தே. நான்தான் கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து, வா, கான்கிரீட் இறுகிடும்னு உன்னைக் கூட்டிக்கிட்டுப் போனேன்" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. நேரே ரூமுக்குப் போய் சைட் டைரியின் என் பிரதியை எடுத்துப் புரட்டினேன். 13.10.2016. என் கையெழுத்து. '14 லாரி முடிந்தது. 19.05 முதல் 19.40 வரை கான்கிரீட் நிறுத்தம். பிறகு 6 லாரி.' நான் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் 'இன்னும் பதினஞ்சு லாரி பாக்கி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்! அதைவிடப் பெரிய விஷயம், வந்ததும் கை தட்டி எழுப்பியிருந்தால் முப்பத்தைந்து நிமிஷம் எப்படி நின்றிருக்கும்? அப்படியானால் லுங் சொன்னதுதான் சரியோ?

அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் 'காரணம்' என்று ஒரு இடம். அதில் நான் எழுதியிருந்தது: 'லாரி தாமதம்.'

நண்பர்களே, லாரி தாமதமில்லை. இரண்டு லாரி கேட்டிலேயே நின்றது. 'அடித்தளத்தை ஏன் நிறுத்தினாய்?' என்று மேலே கேட்பார்களே என்ற பயத்தில் நான் எழுதின பொய் அது. அடுத்த வாரம் அந்த இரண்டு டிரைவர்களிடம் அவர்கள் கம்பெனி விளக்கம் கேட்டது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அதை மறந்தும் போய்விட்டேன். அடிக்காத கைதட்டலுக்கு ஒன்றரை வருஷம் வருத்தப்பட்ட எனக்கு, எழுதின பொய் ஞாபகமே இல்லை.

நிறுத்தியதில் தொழில்ரீதியாகத் தப்பும் இல்லை. கலவையில் ரெட்டார்டர் போட்டிருந்தோம். முப்பத்தைந்து நிமிஷத்தில் இறுகாது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஏழு நாள் பார்த்தோம், ஒரு பொட்டு கசியவில்லை. உண்மையை எழுதியிருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் அந்த டிரைவர்களைத் தேடிப் போனேன். ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இன்னொருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "மை பென் ராய்" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். பிறகு அலுவலகத்துக்குப் போய், அசல் டைரியிலும் என் பிரதியிலும் 'லாரி தாமதம்' என்பதை ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். அழிக்கக்கூடாது, அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது நமக்குச் சொல்லிக்கொடுத்த முறை. பக்கத்தில், 'மன்னர் மறைவுச் செய்தி. அனைவரும் நிறுத்தினோம். லாரி சரியான நேரத்தில் வந்தது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். கை தட்டினேனா, ஹெல்மெட்டைக் கழற்றினேனா என்பதை எழுதவில்லை. தெரியாததை லாக் புக்கில் எழுதாதே என்று இதே கல்லூரி சர்வே வகுப்பில் எனக்குக் கிடைத்த திட்டு இன்னும் மறக்கவில்லை.

தம்பி தங்கைகளே, உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வீட்டுக்குப் போனதும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ, 'அன்னிக்கு நீங்க எங்கே இருந்தீங்க, கையிலே என்ன வச்சிருந்தீங்க?' என்று கேளுங்கள். எந்த நாள் என்று அவர்களே சொல்வார்கள். கேட்டதை அன்று ராத்திரியே, தேதி போட்டு எழுதி வையுங்கள். இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, இரண்டையும் எழுதுங்கள். பெரியவர்களின் சரித்திரத்தை எழுத ஆள் இருக்கிறார்கள். பாதிப் பப்பாளிக்காயை நாம்தான் எழுத வேண்டும். எழுதும்போது காரணக் கட்டத்தில் உண்மையையே எழுதுங்கள்.

கேண்டீனிலிருந்து வாசனை வந்துவிட்டது. இனிமேலும் பேசினால் நீங்களே எனக்குக் கை தட்டி 'கான்கிரீட்! கான்கிரீட்!' என்று கத்துவீர்கள்.